யானை வந்துபோன மறுநாள் காலை: காட்டோர விவசாயிக்கு என் அனுபவத்திலிருந்து

நேந்திரன் வாழை நூற்று நாற்பது மரம். குலை தள்ளி இரண்டு மாதம் ஆகியிருந்தது, இன்னும் முப்பது நாளில் வெட்டு. ஒரே ராத்திரியில் மூன்று யானைகள் சாய்த்துவிட்டுப் போய்விட்டன. காலையில் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், ஆளைக் கூப்பிட்டு மத்தியானத்துக்குள் எல்லா மரத்தையும் வெட்டி மாட்டுக்குப் போட்டு, உழவும் ஓட்டச் சொல்லிவிட்டேன். பார்க்கவே பிடிக்கவில்லை, அதுதான் காரணம். இரண்டு நாள் கழித்து வனத்துறையில் நிவாரண மனு கொடுக்கப் போனேன். வந்து பார்த்த அலுவலர் உழுத நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல எங்கீங்க வாழை?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

எங்கள் நிலம் அந்தியூருக்கு மேற்கே, பர்கூர் மலையடிவாரத்தில். ஏழு ஏக்கர், ஒரு கிணறு, நான்கு மாடு. இருபது வருடத்துக்கு மேலாகப் பண்ணையம். இந்த வருடங்களில் வனவிலங்குச் சட்டத்தைத் திட்டியே பாதிப் பொழுதைக் கழித்திருக்கிறேன். அந்தப் பொழுதில் அதைப் படித்திருந்தால் அந்த வாழைக்குக் கொஞ்சம் பணமாவது வந்திருக்கும். அப்படிப் படித்ததும் அடிபட்டுத் தெரிந்துகொண்டதும்தான் கீழே இருக்கிறது. தமிழ்நாட்டில் காட்டோரம் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் 'காடு' என்றால் மேட்டாங்காடு, விவசாய பூமி. மரம் இருக்கிற காட்டை 'பாரஸ்ட்டு' என்போம். என் முதல் மனுவில் "எங்கள் காட்டில் யானை புகுந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அலுவலர் அதைப் படித்துவிட்டு, "காட்டுல யானை இல்லாம வேற எங்க இருக்கும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து 'பட்டா நிலம், சர்வே எண் இன்னது' என்றுதான் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

எந்த விலங்கு, எந்த அட்டவணை

1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடி. 2022இல் அதைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன, இப்போது நான்கு. விவசாயிக்கு முதல் இரண்டும் போதும். யானை, புலி, சிறுத்தை, காட்டெருமை, மயில் எல்லாம் முதல் அட்டவணை. காட்டுப்பன்றி இரண்டாவது.

இந்த வித்தியாசம் ஏட்டில் மட்டும் இல்லை. முதல் அட்டவணை விலங்கு எவ்வளவு பயிரைத் தின்றாலும், பயிருக்காக அதைக் கொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. மனித உயிருக்கு ஆபத்து என்றாலோ, மீளமுடியாத நோய் அல்லது ஊனம் என்றாலோ மட்டும் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் உத்தரவிடலாம். அதுவும் பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறு இடத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது என்று அவருக்குத் தோன்றினால்தான். 2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி 23 என்ற புலிக்கு வேட்டை உத்தரவு வந்தது. உடனே கொல்ல வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொல்ல, மூன்று வாரம் தேடிக் கடைசியில் உயிரோடுதான் பிடித்தார்கள். இரண்டாம் அட்டவணை என்றால் 'சொத்துக்கு ஆபத்து' என்பதும் காரணமாக எடுபடும், நிற்கிற பயிரும் அதில் சேர்த்தி. பன்றி விஷயத்தில் அரசு கொஞ்சம் இறங்கி வர முடிந்தது இதனால்தான்.

தண்டனை: முதல் அட்டவணை விலங்கென்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அர்த்தம் ரொம்ப அகலம். சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, காயப்படுத்துவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, எல்லாமே வேட்டை. "வெச்சேன், ஆனா மாட்டலீங்க" என்பது தப்பிக்கும் வழி இல்லை. மயில் கடலைக்காட்டைக் கிளறுகிறது என்று தானியத்தில் பூச்சிமருந்து கலந்து வைத்தால், அது யானையைக் கொன்ற அதே வரிசைக் குற்றம். மயிலுக்கு நான் செய்வது இதுதான்: விதைத்ததிலிருந்து முளை நன்றாகத் தெரியும்வரை பத்துப் பன்னிரண்டு நாள் காலையும் மாலையும் ஆள் காவல், நாற்றங்காலுக்கு வலை. அந்தப் பத்து நாள் போய்விட்டால் சேதம் பாதியாகிவிடும்.

உங்கள் உயிரையோ பக்கத்தில் இருப்பவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தில் ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் குற்றமில்லை என்று 11ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருக்கக் கூடாது. சுருக்குக் கம்பியை எடுக்கப் போன இடத்தில் பன்றி பாய்ந்தது என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. செத்த விலங்கும் அரசுச் சொத்து. கறியாக்கினால் அது தனிக் கதை.

வேலி

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் ஒரு தோட்டத்தில் கள்ள மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாய்களை விட்டு நகராமல் அங்கேயே நின்றன. பன்றிக்குப் போட்ட கம்பிதான் அது. இப்படிக் கம்பி போடுகிறவர் யாரும் யானையைக் கொல்ல நினைத்துப் போடுவதில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மோட்டார் ரூமிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பன்றிக்கு விட்டிருந்தார். அவருடைய சொந்த எருமைதான் முதலில் செத்தது. விடியற்காலையில் தண்ணீர் மாற்றப் போன அவர் சம்சாரம் அரை மணி நேரம் முந்திப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் இப்போதும் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட், விடாமல் ஓடுகிறது. தொட்டால் தசை இறுகிக் கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும், விடாது. சோலார் வேலி அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற பெட்டி, நொடிக்கு ஒரு முறை ஒரு 'தட்டு' தட்டும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. தொட்ட விலங்குக்கு அடுத்த தட்டு வருவதற்குள் விலக நேரம் இருக்கிறது. வலிக்கும், பயப்படும், சாகாது. கடைக்காரர் காட்டுகிற எல்லாப் பெட்டியும் இந்த ஜாதி அல்ல என்பதால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு, அது அச்சிட்ட பில்லோடு வாங்குங்கள். அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

தமிழ்நாட்டில் 2023இல் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் தனி விதிகள் வந்துவிட்டன. காட்டை ஒட்டிய நிலத்தில் புதிதாகப் போட வனத்துறை அனுமதி வேண்டும், ஏற்கெனவே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும். "நம்ம நிலத்துல வேலி போட அவங்க கிட்ட எதுக்கு?" என்று நானும் கேட்டவன்தான். அதற்கு வனத்துறை வாட்சர் தம்பி ஒருவர் பதில் சொன்னார்: "அண்ணா, நாளைக்கு உங்க வேலிகிட்ட ஒரு யானை வயசாகிச் செத்துக் கிடந்தாலும், மொதல்ல உங்க வேலியத்தான் பாப்பாங்க. பதிவுல இருந்தா உங்களுக்குத்தான் நல்லது." மறுநாளே மனு கொடுத்தேன். வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்று அந்த வருடத்து நிலவரத்தையும் போட்டுவிடும் முன்பே கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

பராமரிப்புதான் வேலியில் பாதி. நான் கற்றதில் முக்கியமானவை மூன்று. ஒன்று, எர்த். ஒரே ஒரு கம்பியை அடித்துவிட்டு வேலி வேலை செய்யவில்லை என்பார்கள். இடைவெளி விட்டு மூன்று எர்த் கம்பி அடியுங்கள், கோடையில் அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் மின்சாரம் திரும்பி வர வழியில்லை, யானை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வரும். இரண்டு, புல். கீழ்க்கம்பியில் புல் பட்டால் மின்சாரம் மண்ணுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை வேலியடியைச் செதுக்க வேண்டும். மூன்று, சாயங்காலம் ஐந்தரைக்கு மீட்டர் வைத்து வேலியின் கடைசி முனையில் பார்ப்பது. பெட்டியில் விளக்கு எரிகிறது என்பதற்கும் கடைசி முனையில் மின்சாரம் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

யானைக்குத் தந்தத்திலும் பாதத்திலும் மின்சாரம் உறைக்காது என்பது யானைக்கே தெரியும். காய்ந்த கட்டையை எடுத்து வந்து கம்பிமேல் போட்டு, கல்காலை (வேலியின் கல்தூணை) சாய்த்துவிட்டு வந்ததை நான் காலையில் தடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்காகத்தான் இப்போது தொங்கு வேலி போடுகிறார்கள். உயரமான கம்பத்திலிருந்து கம்பிகள் மேலிருந்து கீழாகத் திரை மாதிரித் தொங்கும். சாய்க்கக் கல்கால் கைக்கெட்டாது, எங்கே தள்ளினாலும் கம்பி உடம்பில் படும். செலவு அதிகம். தனியாகப் போடுவதை விட நான்கு தோட்டக்காரர் சேர்ந்து காட்டெல்லையில் போட்டால் கட்டுபடியாகும். நான்கு தோட்டக்காரர் சேர்வது யானையைத் தடுப்பதை விடக் கஷ்டம், அது வேறு.

அகழியைப் பற்றி ஒரு வார்த்தை. வனத்துறை வெட்டிய யானை அகழி தூர்ந்துபோய்க் கிடக்கிறது என்று குறைதீர்க் கூட்டத்தில் நாம் கத்துகிறோம். மாட்டை ஓட்டிப்போக வழி வேண்டும் என்று அந்த அகழியில் மண்ணைத் தள்ளி மேடு போட்டவர்களில் பாதிப்பேர் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். யானை அந்த மேட்டைத்தான் தேடி வருகிறது.

பன்றி

2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறை இது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். சுடுவது யார் என்பதில்தான் எல்லோரும் ஏமாந்துபோனார்கள். வனத்துறை ஆட்கள்தான் சுடுவார்கள், நாம் அல்ல. டீக்கடையில் "இனி சுடலாமாம்" என்று கேட்டுவிட்டு நாட்டுத் துப்பாக்கியைத் தூசு தட்ட வேண்டாம். கிராம அளவில் குழு, வி.ஏ.ஓ., வனவர் எல்லாம் வருகிற நடைமுறை இது.

ஆகவே முதலில் உங்கள் நிலம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தார்ச்சாலைத் தூரம் கணக்கில்லை. காப்புக்காட்டின் எல்லைக் கல்லிலிருந்து நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். என் நிலம் 1 கிலோமீட்டருக்குள் வருகிறது, எனக்கு எந்தப் பயனும் இல்லை. அது தெரிந்த பிறகு குழுவுக்கு அலைவதை நிறுத்திவிட்டேன், அதுவும் ஒரு லாபம்தான்.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது புதிதில் மூன்று நான்கு வாரம் கேட்கும், பிறகு பன்றிக்குப் பழகிவிடும். இடத்தை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பன்றி விரட்டி மருந்தைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி வேலியோரம் தொங்கவிடலாம். வாசனை போகும்வரை பலன் உண்டு.

அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் வெடி வைப்பதை, மட்டும் நினைத்தே பார்க்காதீர்கள். 2020இல் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெடியைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது நாடு முழுக்கத் தெரியும். தெரியாதது, எத்தனை மாடுகளும் நாய்களும் இதில் வாய் கிழிந்து சாகின்றன என்பது. வனச் சட்டத்தோடு வெடிபொருள் வழக்கும் சேரும்.

ராத்திரியில்

மூன்று எண்களை வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: உங்கள் பீட் வனக்காப்பாளர், வனவர், வனச்சரக அலுவலகம். ஆள் மாறினால் எண்ணும் மாறும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள். யானை வந்ததும் முதலில் போன், பிறகுதான் டார்ச். தனியாகப் போகாதீர்கள், குடித்திருந்தால் வாசல்படி தாண்டாதீர்கள். குட்டியோடு இருக்கிற கூட்டத்தின் பக்கமே போகக் கூடாது. சத்தம் போடலாம், தகரம் தட்டலாம். திரும்பிப்போக ஒரு வழியை எப்போதும் திறந்து வையுங்கள், நாலாபுறமும் ஆள் நின்று கத்தினால் அது எந்தப் பக்கம் போகும்? நெருப்பைத் தூக்கி எறிவது குற்றம். மசினகுடியில் எரியும் டயர் வீசப்பட்ட யானை 2021 ஜனவரியில் செத்தது, அந்த வீடியோவை வைத்தே ஆட்களைக் கைது செய்தார்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாளை (தோட்டத்து வீடு) ஓரத்தில் தவிடு, புண்ணாக்கு, உப்பு, ரேஷன் அரிசி இருந்தால் யானை அந்த வாசனைக்கே சுவரை இடிக்கும். நான் தவிட்டு மூட்டையை ரோட்டோர வீட்டுக்கு மாற்றினேன். வெளி வரிசையில் மக்காச்சோளமும் வாழையும் வைப்பதையும் விட்டேன். காட்டைப் பார்த்த இரண்டு ஏக்கரில் மஞ்சள், கொஞ்சம் மிளகாய். உள்ளேதான் வாழை. யானை மஞ்சளைத் தின்பதில்லை, ஆனால் மிதித்துக்கொண்டு உள்ளே வரும் நாட்களும் உண்டு. சேதம் குறைந்தது, நின்றுவிடவில்லை.

மாடு

பர்கூர் மலைமாடு வைத்திருக்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் யானையை விடப் பெரிய விஷயம். செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த மாடு, பாரஸ்ட்டுக்குள் பட்டி போட்டு மேய்ந்தே வளர்ந்த இனம். கட்டுத்தறியில் கட்டித் தீனி போட்டு வளர்த்தால் அது பர்கூர் மாடாக இருக்காது என்று என் மாமனார் சொல்வார். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மேய்ச்சல் கூடாது என்று உத்தரவிட்டு, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கியது. எங்கள் மலை அப்போது சரணாலயம் இல்லை. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த நாளில் எங்கள் மாட்டுக்காரர்கள் இருந்த இடத்திலேயே சரணாலயத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

கத்துவதோடு செய்ய வேண்டிய காரியம் ஒன்றிருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாகச் சொல்கிறது, கால்நடையோடு இடம் மாறி மேய்ப்பவர்களையும் சேர்த்து. தனித்தனியாகக் கேட்காமல் சமூக உரிமையாக, கிராம சபையில் வன உரிமைக் குழு வழியாகக் கேட்க வேண்டும், அதற்குப் படிவம் 'ஆ'. பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். ஆகவே தாத்தா காலத்து மேய்ச்சல் ரசீது, பட்டி வரி கட்டிய சீட்டு, எதுவானாலும் பரண்மேல் தேடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு சீட்டு கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் கிடைத்தது. பூச்சி ஓரத்தைத்தான் அரித்திருந்தது, தேதியை விட்டுவைத்திருந்தது.

சரணாலயத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பதும் வனவிலங்குச் சட்டத்தில் இருக்கிறது. கோமாரி ஊசி முகாமுக்கு மாட்டை ஓட்டிப்போய் அட்டையில் தேதி போட்டு வாங்குங்கள். மேய்ச்சல் பேச்சுவார்த்தையில் "உங்க மாடு நோயக் கொண்டாருது" என்ற வாயை அடைப்பது அந்த அட்டைதான்.

சிறுத்தையோ புலியோ மாட்டை அடித்துவிட்டால் சடலத்தை நகர்த்தாதீர்கள். வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் நிவாரணம் இல்லை. மிச்சக் கறியில் குருணைப் பூச்சிமருந்தைத் தூவிவிட்டுப் போகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த விஷம் புலியோடு நிற்காது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற பாறுக் கழுகுகள் அதே சடலத்தில்தான் இறங்கும். அந்தக் கழுகுகளுக்காக நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று, வலி ஊசி. சில வலி மருந்துகள் போட்ட மாடு செத்து, அந்தக் கறியைத் தின்றால் கழுகும் சாகும். மாட்டுக்கு டைக்ளோபினாக் 2006இலேயே தடை. மனிதருக்கான பெரிய குப்பியை மாட்டுக்குப் போட்டதால் 2015இல் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். கீட்டோபுரொபேனும் அசிக்ளோபினாக்கும் 2023இல் தடையாயின. ஊசி போட வருகிறவரிடம் "மெலாக்சிகம் போடுங்க" என்று சொன்னால் போதும். மாட்டுக்கும் நல்லது, கழுகுக்கும் கெடுதலில்லை.

சூழல் உணர்திறன் மண்டலம் (சரணாலயத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு உள்ள பகுதி), ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்கள்) என்றெல்லாம் கேட்டால் பயப்பட வேண்டாம். உழுவதையும் விதைப்பதையும் அவை தடுப்பதில்லை. கட்டடம், மனைப்பிரிவு, குவாரி, நிலப் பயன்பாட்டை மாற்றுவது என்று போகும்போதுதான் அனுமதி கேட்கும். நிலம் வாங்குவதாக இருந்தால் மட்டும் கிராமம் ஹாகாவில் வருகிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

மறுநாள் காலை

எதையும் வெட்டாதீர்கள், எதையும் உழாதீர்கள். மாடு பசியில் கத்தினாலும் சரி.

முதலில் படம். போன் கேமராவில் இடக்குறிப்பு வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் தூரத்திலிருந்து, உங்கள் கிணறோ மின்கம்ப எண்ணோ சர்வே கல்லோ தெரிகிற மாதிரி. இது உங்கள் நிலம்தான் என்பதற்கு அது சாட்சி. பிறகு வரிசை வரிசையாகச் சாய்ந்த மரங்கள். பிறகு காலடித் தடம், பக்கத்தில் ஒரு அளவுகோலோ செருப்போ வைத்து. இலத்தி கிடந்தால் அதுவும். சாய்ந்ததை எண்ணி, வரிசைக்கு இத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வருகிற அலுவலர் குத்துமதிப்பாகச் சொன்னால் அந்தத் தாளை நீட்டலாம்.

மனு வனச்சரக அலுவலருக்கு. பெயர், சர்வே எண், பயிர், வயது, எத்தனை மரம் அல்லது எத்தனை சென்ட், எந்த விலங்கு, எந்த இரவு. இரண்டு நகல். ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். "வெச்சுட்டுப் போங்க, பாக்கறோம்" என்றால், சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்காருங்கள். அப்படியும் தரவில்லையென்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். கூடவே பட்டா, சிட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), ஆதார், வங்கிப் புத்தக நகல். வாழை, மஞ்சள் என்றால் தோட்டக்கலைத் துறை, சோளம், நெல் என்றால் வேளாண்மைத் துறை வந்து மதிப்பிட வேண்டும். வனவர் மகஜர் (இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை) எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், எண்ணிக்கையைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடங்கலில் போன வருடத்துப் பயிரே இருந்தால் பணம் போன வருடத்துப் பயிரோடு போய்விடும். விதைத்த மாதத்திலேயே வி.ஏ.ஓ.விடம் சொல்லி ஏற்றிவிட வேண்டும். குத்தகைக்காரர்கள் சாகுபடிச் சான்றை அப்போதே வாங்கி வையுங்கள்.

பயிர்க் காப்பீட்டிலும் இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், 2026 காரீப் பருவத்திலிருந்து காட்டுவிலங்குச் சேதத்தையும் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் கூடுதல் காப்பாகச் சேர்ப்பதாக அறிவித்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதமான 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறிப்போடு படம் ஏற்ற வேண்டும். அந்தக் காலைப் படங்கள் இதற்கும் உதவும்.

பணம் வரத் தாமதமானால் மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மனு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் இல்லாமல் பேசினால் புலம்பல் என்று நினைப்பார்கள். அங்கேயும் நகரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "என் மனு இன்ன தேதியில் பெறப்பட்டது, இப்போது யார் மேசையில் இருக்கிறது?" என்று ஒரே கேள்வி. 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். என் இரண்டாவது மனு, மக்காச்சோளத்துக்குப் போட்டது, ஒரு அலுவலகத்தில் ஐந்து மாதம் அசையாமல் கிடந்தது. இந்தக் கேள்வி போன பதினெட்டாவது நாள் போன் வந்தது.

போனில் சொன்னது: "உங்களுது கூட்டுப் பட்டாங்க. மத்தவங்க சம்மதக் கடிதம் இல்லாம போட முடியாது." அப்பா பெயரிலிருந்து மாறியபோது என் பெயரோடு அண்ணன் பெயரும் திருப்பூரில் இருக்கிற தங்கச்சி பெயரும் ஏறியிருந்தது. அண்ணனிடம் நான் பேசி இரண்டு வருடம். அவர் கையெழுத்து வாங்க மாமா ஒருவரைத் தூது விட்டு, இன்னும் ஒரு மாதம் போனது. ஆகவே உங்கள் பட்டாவை இன்றைக்கே எடுத்து, அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது, சோறு போட்ட கையோடு, தேதி போடாமல் ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் பட்டாவோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.